இரவல் பெயர்

வீரமுத்துவின் மண்டையில் அதுவரை முப்பத்தொரு தையல் விழுந்திருந்தது. அவனுடைய பெரியப்பா மகன் சின்னதுரையின் மண்டையில் இருபத்தொன்பது. இந்த இரண்டு தையல் வித்தியாசம் தன்னுடைய கைவரிசை என்று சின்னதுரை சொல்லிக்கொண்டு திரிந்தான். அத்தனையும் வாங்கிக்கொண்டு நேராக நிற்கிற மண்டை யாருடையது என்று வீரமுத்து திருப்பிக் கேட்டான். ஊரில் பாதிப் பேர் அந்தக் கட்சி, பாதிப் பேர் இந்தக் கட்சி.

சண்டை ஒரு கிணற்றுக்காக. வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையை ஒட்டித் தாத்தா வெட்டிய கூட்டுக் கிணறு. ஒரு நாள் சின்னதுரைக்கு முறை, மறுநாள் வீரமுத்துவுக்கு. காலை ஆறு மணிக்கு முறை மாறும். மும்முனைக் கரண்ட் தினம் ஆறு மணி நேரம் வரும் என்பார்கள். எந்த ஆறு மணி நேரம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். போன கரண்ட் யார் முறையில் போனது என்று பேசித் தீர்க்கப் போய்த்தான் இரண்டு மண்டையிலும் சேர்த்து அறுபது தையல் விழுந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் எதிரெதிராகக் கிடக்கும் இரண்டு கட்டில்களை நர்சுகள் இவர்கள் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். நல்ல மழை பெய்து கிணறு ததும்பும் மாதங்களில் அந்தக் கட்டில்கள் வேறு நோயாளிகளுக்குக் கிடைக்கும். 2003இல் மழையே இல்லை.

அந்த வருடம் மாசியில்தான் யென்ஸ் வந்தான். டென்மார்க்குக்காரன். இருபத்தாறு வயது, ஆறடி ஐந்து அங்குலம். அவனுடைய பல்கலைக்கழகத்தில் வைத்தியத்தையும் மனிதர்களையும் சேர்த்துப் படிக்கிற படிப்பு ஒன்று இருந்தது. அதில் தேற வேண்டுமானால் அயல்தேசத்தில் ஒரு வீட்டில் எட்டு மாதம் தங்கி, அவர்கள் தின்பதைத் தின்று, அவர்கள் படுக்கிற பாயில் படுத்து, அவர்கள் நோவை எழுதிக்கொண்டு போக வேண்டும். யென்ஸ் எடுத்துக்கொண்டது வலி. மனிதர்கள் வலியை எப்படிச் சொல்கிறார்கள் என்பது அவன் ஆராய்ச்சி. பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் போய், இந்தப் பக்கத்தில் வலி எங்கே நிறையக் கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறான். டாக்டர் யோசிக்கவே இல்லையாம். பஸ் நேரத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வீரமுத்து வீட்டில் தங்கினான். காலையில் கம்மங்கூழ் குடித்தான், களை வெட்டப் போனான், கூரைவாரையில் நெற்றியை இடித்துக்கொண்டான். எதிர்க்கட்சி வீட்டுக்கும் போய்ச் சின்னதுரையின் தழும்புகளை இஞ்ச் டேப்பால் அளந்து வந்தான். தமிழை இரண்டு வருடம் புத்தகத்தில் படித்தவன், ஆகையால் அவன் வாயைத் திறந்தால் கல்வெட்டு பேசுகிற மாதிரி இருக்கும்.

"ஐயா, தங்கள் மெய்ப்பெயரை நான் எழுதலாகாது" என்றான் முதல் வாரத்தில், தடித்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. "எங்கள் துறையின் விதி அது. தாங்களே தங்களுக்கு ஒரு பொய்ப்பெயரைத் தேர்ந்து கூற வேண்டும்."

"எதுக்கு தம்பி? நான் என்ன சாராயமா காச்சுறேன்?"

"நாளை எவரேனும் படித்தால் தங்களை அடையாளம் காணக் கூடாது."

"இவரை அடையாளம் கண்டு யாரு என்ன பண்ணப் போறா" என்றாள் வீரமுத்துவின் மனைவி ரத்தினம்மாள், முறத்தைத் தட்டியபடி. "நானே டவுன்ல பாத்தா ஒதுங்கித்தான் போவேன்."

வீரமுத்து இரண்டு நாள் யோசித்தான். அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. கடப்பாரை அடியை முகம் சுளிக்காமல் வாங்குவான். ஊசியைக் கண்டால் அம்மா என்று அலறுவான். தையல் போடும்போது நாலு பேர் பிடிக்க வேண்டும். இது நர்சுகளுக்குத் தெரியும், இந்த வெள்ளைக்காரனுக்கும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அவன் வலியைப் பற்றித் துளைத்துத் துளைத்துக் கேட்கிறான். சொன்னதெல்லாம் கடல் தாண்டி அச்சாகிப் புத்தகமாகும். அங்கே உட்கார்ந்துகொண்டு படிப்பவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்?

மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சொன்னான். "சின்னதுரைன்னு எழுதிக்க, தம்பி."

யென்ஸ் பேனாவை நோட்டின் மேல் வைத்தபடி சற்று நேரம் அவனையே பார்த்தான். கண் லேசாகக் கலங்கியிருந்தது. பிறகு குனிந்து எழுதிக்கொண்டான். இதில் கலங்குவதற்கு என்ன இருக்கிறது என்று வீரமுத்துவுக்கு விளங்கவில்லை. கூழ் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பெயர் மாறியதும் வாய் தாராளமாகத் திறந்தது. ஊசி, அலறல், நாலு பேர் பிடித்தது, ஒரு தடவை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது எல்லாம் சொன்னான். உடம்பில் படாத வலி ஏதும் உண்டா என்று யென்ஸ் கேட்டபோது மட்டும் குரல் இறங்கியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுடைய உழவுமாடுகள் இரண்டும், ஒரு செவலை, ஒரு மயிலை, விடிவதற்குள் வாயில் நுரை தள்ளிக் கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தன. பூச்சிமருந்து என்றார் மாட்டு டாக்டர். ஊரே சின்னதுரையைப் பார்த்தது. சின்னதுரை அய்யனார் கோயிலில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான்.

"கற்பூரத்தை அணைச்சவன் பொய் சொல்ல மாட்டான்" என்றான் வீரமுத்து. "அவன் அயோக்கியன்தான். ஆனா அதை அவன் பண்ணல. வேற எவனோ."

"பத்துக்கு எவ்வளவு வலி, ஐயா?"

"அதுக்கெல்லாம் நம்பர் போடாத."

பங்குனி பிறந்தபோது வீரமுத்துவிடம் இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம் நின்றது. வேறொன்றும் இல்லை, மாடு இல்லை, சோளம் கருகிவிட்டது. வெங்காயம் பிடுங்க இருபது நாள் பாக்கி, இன்னும் இரண்டு தண்ணீர் விட்டாக வேண்டும். விட்டால் பிழைத்தான். விடாவிட்டால் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழிக்குக் கூலிக்குப் போக வேண்டும். அவன் மச்சான் அப்படிப் போனவன். ஒரு வருடம் கழித்து வந்தபோது தும்மினால் வெள்ளையடிக்கலாம் போல இருந்தான்.

தன் முறை வந்த ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வீரமுத்து மண்வெட்டியோடு கிணற்றுக்குப் போனான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சின்னதுரையின் பருத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. யென்ஸ் கூடவே வந்து கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான்.

"முறை முடிஞ்சு போச்சுண்ணே. மோட்டாரை நிறுத்து."

"நேத்து ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லடா" என்றான் சின்னதுரை, வாய்க்காலில் நின்றபடி. "அதை யாரு தருவா? உங்கப்பனா?"

"எங்கப்பன் உனக்குச் சித்தப்பன். மரியாதையாப் பேசு."

"சித்தப்பா செத்துட்டாரு. நீ போயி கேட்டுட்டு வாயேன்."

வீரமுத்து மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து மரக்கணையால் சின்னதுரையின் இடது பக்க மண்டையில் ஒரு போடு போட்டான். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. யென்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆறு பத்து என்று குறித்துக்கொண்டான். இரண்டாவது அடியைச் சின்னதுரை கையால் தடுத்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து கை புதிதாக ஓர் இடத்தில் மடங்கியது. அந்த மடங்கிய கையோடு சின்னதுரை பாய்ந்து வீரமுத்துவின் வலது காதைக் கவ்வினான். இருவரும் வரப்பில் உருண்டார்கள். காதின் கீழ்ப்பாதி சின்னதுரையின் வாயில் தங்கிவிட்டது. அவன் அதைக் கிணற்றுக்குள் துப்பினான்.

சின்னதுரையின் மனைவி காத்தாயி பருத்திக்குள்ளிருந்து ஓடி வந்து களைக்கொத்தை வீரமுத்துவின் தோளில் இறக்கினாள். கொத்து இறங்கியது, திரும்ப வரவில்லை. அதற்குள் ரத்தினம்மாள் வந்து காத்தாயியின் கொண்டையைப் பிடித்து வாய்க்காலில் முகத்தை அழுத்தினாள். குமிழி வருகிறதா என்று பார்த்துப் பார்த்து அழுத்தினாள். கொலைகாரி என்ற பெயர் வேண்டாமே. வாய்க்கால் தண்ணீர் சிவந்து பருத்திக்குப் பாய்ந்தது. ஆறு இருபத்தொன்றுக்குக் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றதும் சண்டையும் நின்றது, எதற்காக அடித்துக்கொள்கிறோம் என்பது போய்விட்டதால்.

யென்ஸ் இறங்கி வந்தான். சண்டையில் தலையிடுவது அவன் படிப்புக்கு விரோதம், கேட்பது விரோதமில்லை. சின்னதுரையிடம் குனிந்து கேட்டுவிட்டு வீரமுத்துவிடம் வந்தான்.

"ஐயா, தற்போதைய வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் வழங்குவீர்கள்?"

"அவன் எவ்வளவு சொன்னான்?"

"பிறர் கூறியதை நான் உரைக்கலாகாது."

"ஒம்பது சொல்லியிருப்பான். எனக்குப் பதினொண்ணு போட்டுக்க."

அடிதடி முடிந்தபின்தான் அந்தப் பக்கத்தில் உண்மையான போட்டி ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரியில் முதலில் யார் போய்ப் படுக்கிறானோ அவன் வாதி. பின்னால் வருகிறவன் பிரதிவாதி. அப்புறம் காயத்தின் தரம். சதை கிழிந்தால் சின்ன செக்‌ஷன். எலும்பு முறிந்தாலும் பல் போனாலும் பெரிய செக்‌ஷன், எதிராளிக்கு ரிமாண்டு. வக்கீலுக்குப் படித்தவர்களை விட இது வீரமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். சின்னதுரைக்கு எலும்பு போயிருக்கிறது. தனக்கு வெறும் சதை. பதினைந்து நாள் உள்ளே வைத்தால் வெங்காயம் போச்சு.

ஏழேகால் பஸ் ஒன்றுதான் உண்டு. இரண்டு கட்சியும் அதில்தான் ஏறியது. கண்டக்டர் சின்னதுரை தம்பதியை முன்னாலும் வீரமுத்து தம்பதியைப் பின்னாலும் உட்கார வைத்து, ரத்தம் சீட்டில் படாமல் துண்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். யென்ஸ் நடுவில் தலை குனிந்து நின்றான், கூரை இடித்ததால்.

"ரத்தினம்" என்றான் வீரமுத்து மெதுவாக. "பையில ஸ்பேனர் இருக்கா?"

"மோட்டார் ஸ்பேனர் இருக்கு. ஏங்க?"

"முன்பல்லு ஒண்ண எடுத்துடு."

ரத்தினம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவன் அவளிடம் இப்படி ஒரு சலுகை கேட்டதில்லை. பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கிய நேரம் பார்த்து ஓங்கிவிட்டாள். நான்கு பற்கள் போயின. ஒன்று ஜன்னல் வழியாகப் பறந்து டிவிஎஸ் ஃபிப்டியில் வந்த ஒருவரின் நெற்றியில் பட்டு, அவர் தனியாக ஒரு புகார் கொடுத்தார்.

"ஒண்ணு போதும்னேனேடி" என்றான், வாய் நிறைய ரத்தத்தோடு.

"கை நிக்கலைங்க."

ஆஸ்பத்திரி வாசலில் காத்தாயியின் காலை ரத்தினம்மாள் தட்டிவிட, வீரமுத்து ஒரு அடி முன்னால் உள்ளே போய் விழுந்தான். அவன்தான் வாதி. ஆனால் எதிர்க்கட்டிலில் எலும்பு முறிந்தவனாகச் சின்னதுரை படுத்திருந்தான், இங்கே பல் போனவனாக இவன். இரண்டும் பெரிய செக்‌ஷன். முதலில் அடித்தது யார் என்பது ஒன்றுதான் பாக்கி. அதை ஊரில் யாரிடம் கேட்டாலும் சொந்தக்காரனாக இருப்பான்.

சப்-இன்ஸ்பெக்டர் வேணுகோபால் மத்தியானம் வந்தார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல் போலீசுக்கு வந்தவர். இங்கிலீஷைக் கண்டால் விடமாட்டார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த யென்ஸைப் பார்த்தார். அவன் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"நீங்க சொந்தக்காரர் இல்லையே?"

"அல்லேன், ஐயா. ஆயினும் நான் எதையும் கூறலாகாது. வாக்களித்திருக்கிறேன்."

"நீங்க கூற வேணாம். அது கூறும்" என்று நோட்டை எடுத்துக்கொண்டார்.

வீரமுத்து எழப் பார்த்தான். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து நிமிஷம் தவறாமல் எழுதிய நோட்டு. அவன் தோளில் பதினாறு தையல் போட்டு, காதுக்குக் கட்டுப் போட்டு, வாயில் பஞ்சு அடைத்திருந்தார்கள். எழுந்து ஓட முடியாது.

சப்-இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, இங்கிலீஷில் இருந்ததை வார்டுக்கே கேட்கும்படி தமிழில் சொன்னார். "ஆறு பத்து. சின்னதுரை, மண்வெட்டிக் கணையால் வீரமுத்துவின் மண்டையில் முதல் அடி அடிக்கிறான்."

வீரமுத்து மூச்சு விட்டான். அடித்தது சின்னதுரை. நோட்டில் சின்னதுரை என்றால் தான்தான். அது இந்த வெள்ளைக்காரனுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த கதை. ஆனால் அடி வாங்கியவன் பெயர் எப்படி வீரமுத்து ஆயிற்று? மெய்ப்பெயரை எழுதலாகாது என்றானே?

"சார், மண்டையில கட்டு இருக்கிறது அந்தாளுக்கு" என்றார் கூட வந்த ஏட்டு, சின்னதுரையைக் காட்டி.

"திருப்பி அடிச்சிருப்பான்யா. புத்தகத்துல இருக்கு பாரு." சப்-இன்ஸ்பெக்டர் சின்னதுரை பக்கம் திரும்பினார். "என்னப்பா, ஏதாச்சும் சொல்லணுமா?"

சின்னதுரை வாயைத் திறந்தான். வீரமுத்து அவனையே பார்த்தான். சின்னதுரை மூடிக்கொண்டான்.

இதுதான் வீரமுத்துவுக்கு ஆச்சரியம். நாற்பத்தெட்டு வருடத்தில் அந்த வாய் அப்படி மூடி அவன் பார்த்ததில்லை.

கேஸ் முடிந்துவிட்டது, சப்-இன்ஸ்பெக்டர் போயிருக்கலாம். ஆனால் முப்பது நோயாளிகள் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். "இன்னுங் கொஞ்சம் படிங்க சார்" என்றார் குடல் ஆபரேஷனுக்கு வந்த ஒரு கிழவர். காலேஜை விட்டபின் வேணுகோபாலுக்கு இப்படி ஒரு வகுப்பு அமையவில்லை. முன்பக்கங்களைப் புரட்டினார்.

"சின்னதுரை ஊசிக்கு அஞ்சி, அம்மா அம்மா என்று கூவிக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டதாகக் கூறினான்."

வார்டு சிரித்தது. சின்னதுரையைப் பார்த்துச் சிரித்தது. வீரமுத்து பஞ்சுக்குள் சிரித்தான். வலித்தது, இருந்தாலும் சிரித்தான்.

"வீரமுத்துவை அவன் மனைவி மாதம் ஒருமுறை துடைப்பத்தால் அடிப்பதாகவும், அந்த வலி பத்துக்கு நான்கு என்றும் கூறினான்."

இப்போது வார்டு வீரமுத்துவின் பக்கம் திரும்பிச் சிரித்தது. காத்தாயி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். வீரமுத்துவுக்குச் சிரிப்பு நின்றது. ரத்தினம்மாள் ஸ்பேனரால் அடிப்பாள், சொன்னால்தான் அடிப்பாள், துடைப்பத்தைத் தொட்டதில்லை. அப்படியானால் அந்தப் பயலும் தன் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய அசிங்கத்தையெல்லாம் தன் பெயரில் கொட்டிவிட்டிருக்கிறான். வீரமுத்துவுக்குக் காதுமடல் சுட்டது, இருந்த ஒன்றரைக் காதும்.

எழுந்து, அது நான் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் முதல் அடியும் தன்னுடையதாகிவிடும். இருபது நாள், இரண்டு தண்ணீர். வீரமுத்து பல்லைக் கடிக்கப் பார்த்தான், கடிக்கிற இடத்தில் பல் இல்லை. பேசாமல் கிடந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தில் நின்றார். குரல் மாறியது. "வீரமுத்து கூறியது: தம்பியின் இரண்டு மாடுகளுக்கும் பருத்திக்கு அடிக்கும் மருந்தைத் தவிட்டில் கலந்து நானே வைத்தேன். கோயிலில் கற்பூரத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தேன். அன்று முதல் என் வலது உள்ளங்கை எரிகிறது. எந்தத் தைலத்துக்கும் அடங்கவில்லை. பத்துக்கு எட்டு."

வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"யோவ் வீரமுத்து" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "மாட்டைக் கொன்னவனாய்யா நீ?"

வீரமுத்து எதிர்க்கட்டிலைப் பார்த்தான். சின்னதுரை முறியாத வலது கையைப் போர்வையில் தேய்த்துக்கொண்டிருந்தான், தேய்ப்பது தனக்கே தெரியாமல்.

"தம்பி" என்றான் சின்னதுரை, தாழ்ந்த குரலில். வருடக்கணக்காக அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. "பேசாம படு தம்பி. நீ வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் கேடு. நான் உள்ள போறேன். நீ வெங்காயத்தப் பாரு."

நியாயமான பேச்சு. பஞ்சாயத்தில் வைத்தால் பத்துப் பேரும் சரியென்பார்கள். சின்னதுரை உள்ளே போவான், கிணறு முழுக்கத் தனக்கு, வெங்காயம் மூட்டை மூட்டையாக வரும். வீரமுத்து தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ஒரு தண்ணீரை நாளைக்கு விட்டால் இன்னொன்றைப் பத்தாம் நாள் விடலாம் என்று நினைத்தான். செவலை தண்ணீர் குடிக்கும்போது காதை ஆட்டும் என்று நினைத்தான். நுரை உறைந்து மூக்கில் ஈ மொய்த்துக் கிடந்ததை நினைத்தான்.

எழுந்தான். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைத் தானே பிடுங்கினான், அலறவில்லை. பாட்டிலோடு இரும்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டில் எதிர்க்கட்டிலுக்குப் போய், சின்னதுரையின் வலது முழங்கால் மேல் இறக்கினான். பாட்டில் வெடித்தது. இரண்டாவது அடியில் கால் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மூன்றாவதைச் சின்னதுரையின் வலது உள்ளங்கையில், கட்டில் சட்டத்தோடு சேர்த்து, நிதானமாக அடித்தான். தோளில் போட்ட பதினாறு தையலும் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஏட்டு இடுப்பைப் பிடித்தார், அவரையும் இழுத்துக்கொண்டு நாலாவதை ஓங்கினான். இதுவரை எதிலும் தலையிடாத யென்ஸ் அப்போதுதான் விதியை மறந்து நடுவில் வந்தான். அவ்வளவு உயரத்தில் தலையை வைத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? நாலாவது அவன் நெற்றியில் விழுந்தது.

"மாட்டைக் கொன்னது அவன்" என்றான் வீரமுத்து, பல்லில்லாத வாயால், சப்-இன்ஸ்பெக்டரிடம். "முதல்ல அடிச்சது நான். நோட்டுல பேரு மாறியிருக்கு. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார். எழுதவே தேவையில்லை, சட்டையெல்லாம் குளுக்கோஸும் ரத்தமுமாக அவரே சாட்சி.

வீரமுத்து திருச்சி ஜெயிலில் இருபத்தாறு நாள் இருந்தான். யென்ஸுக்கு ஐந்து தையல் போட்டார்கள். நெற்றி ஆறியதும் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். இந்தப் பகுதியில் பகைவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் சூடிக்கொள்கிறார்கள், அது சகோதர பாசத்தின் உச்சம் என்று அவன் ஆசிரியருக்கு ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தானாம். திருத்தி மறுகடிதம் எழுதினான் என்றும், முதல் கடிதம்தான் நன்றாக இருக்கிறதென்று ஆசிரியர் சொல்லிவிட்டார் என்றும் கேள்வி.

ஜாமீனில் வந்த அன்று வீரமுத்து நேராக வெங்காயக் கொல்லைக்குப் போனான். குற்றம் நடந்த இடம் என்று மோட்டார் ரூமுக்குப் போலீஸ் பூட்டுப் போட்டிருந்தார்கள். வெங்காயத் தாள் வைக்கோலாகக் கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் சின்னதுரையின் பருத்தியும் குச்சி குச்சியாக நின்றது. பூட்டுக்குப் பங்காளிப் பகை தெரியாது. ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிப் பார்த்தான். நிலக்கடலை அளவு இருந்தது.

"அன்னிக்கு அந்தாளு சொன்னாப்ல படுத்திருந்தா இந்நேரம் மூட்டை பிடிச்சிருப்போம்" என்றாள் ரத்தினம்மாள்.

"ஆமா."

"ஒரே வார்த்தையில ஆமாங்கிறீங்க."

"வேற என்ன சொல்றது. படுத்துத்தான் பாத்தேன். முடியல."

சித்திரை பத்தாம் தேதி அரியலூருக்குப் பஸ் ஏறினான். டவுனுக்கு வெளியே ஒரு சின்னக் கல்குழி. மிஷின் வாங்க வக்கில்லாத முதலாளி, எல்லாம் கையால்தான். ஒருவர் நீள உளியைப் பாறையில் நிறுத்திப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்து வெடிக்குக் குழி போட வேண்டும். மேஸ்திரி ஆட்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். வீரமுத்துவின் தோளைத் தட்டிப் பார்த்துச் சம்மட்டியைக் கொடுத்தார்.

"உளி பிடிக்க ஆளு பத்தலப்பா. பொம்பளைதான் இருக்கு. பரவால்லையா?"

துண்டால் முகத்தை மூடிக் கட்டியிருந்த பெண் நிமிர்ந்தாள். காத்தாயி.

குழி வெள்ளையாகக் கொதித்தது.

"அவருக்குக் கால் மடங்கல" என்றாள். "கை விரலும் கூடல. அதான் நான் வந்தேன்."

"கை எரியுதுங்கிறாரா இன்னும்?"

"எரியுதுன்னுதான் சொல்றாரு." உளியை எடுத்துக்கொண்டாள். "எனக்கு மாட்டு விஷயம் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா தொடப்பத்தோட விட்டிருக்க மாட்டேன்."

"ஏம்மா, பேச்சுக்கா கூலி?" என்றார் மேஸ்திரி மேலேயிருந்து.

காத்தாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்து உளியைப் பாறையில் நிறுத்தினாள். இரண்டு கையாலும் பிடித்தாள். சம்மட்டி பதினான்கு ராத்தல். உளித்தலை எலுமிச்சம்பழ அகலம். அதற்கு ஒரு சாண் கீழே அவள் விரல்கள், அதற்கும் ஒரு சாண் தள்ளி அவள் தலை. வீரமுத்துவின் தோளில் அவள் இறக்கிய களைக்கொத்தின் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. அவன் சம்மட்டியைத் தூக்கினான். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்; உளி நடுங்கியது.

வீரமுத்து சம்மட்டியைத் தலைக்கு மேல் நிறுத்தினான்.

"கண்ணத் தொறந்து புடிங்க, அண்ணி" என்றான். "ஆடுது."